பழைய டிராக் காருக்கு எந்தக் கூலன்ட்: தண்ணீரா, பச்சையா, ஆரஞ்சா, தண்ணீரே இல்லாததா?

பழைய காரை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் கூலன்ட் (எஞ்சினுக்குள் ஓடி அதைக் குளிர்விக்கும் திரவம்) பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு நேராக டெம்பரேச்சர் முள்ளுக்குப் போய்விடும். "இதை ஊற்றினால் எத்தனை டிகிரி குறையும்?" நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒருநாள் என் காரின் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். உள்ளே அலுமினிய விளிம்பு சொத்தைப் பல் போலக் குழி குழியாக அரித்துக் கிடந்தது. அந்தக் காரின் முள் ஒருதடவைகூட சிவப்பைத் தொட்டதில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது: பழைய எஞ்சினில் கூலன்டின் முதல் வேலை அரிப்பைத் தடுப்பது, குளிர்விப்பது அப்புறம்தான்.

சரி, தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதில் அதை அடிக்க ஆளில்லை. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். உறையாமல் காக்கும் திரவமான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த வழக்கமான கலவைக்கு 3.4 போதும். அதே பம்ப், அதே ரேடியேட்டர் என்றால், தண்ணீர்தான் கூடுதல் சூட்டை வெளியே கொண்டுபோகும். தண்ணீருக்கு இன்னொரு வக்காலத்தும் உண்டு. பல டிராக்குகளும் போட்டிகளும் கிளைக்காலை அடியோடு தடை செய்திருக்கின்றன. சிந்தினால் அது தண்ணீர் போல் சீக்கிரம் காயாது. பின்னால் வருகிறவருக்கு எண்ணெய் கொட்டிய மாதிரி வழுக்கும். எனவே விதிப்புத்தகத்தை முதலில் பாருங்கள். அதில் தடை இருந்தால் தேர்வு அங்கேயே முடிந்தது.

ஆனால் வெறும் தண்ணீர் எஞ்சினின் உடலான வார்ப்பிரும்பு பிளாக்கைத் துருப்பிடிக்க வைக்கும், அதன் மேல் உட்காரும் அலுமினிய ஹெட்டை அரிக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் உப்பும் சுண்ணாம்பும் இலவசம். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாலும் அரிப்புத் தடுப்பான் சேர்க்காமல் விடக்கூடாது. ரெட் லைன் வாட்டர் வெட்டர், மோட்டுல் மோகூல் போன்று தண்ணீரில் கலக்கும் சேர்க்கைப் பொருட்கள் இங்கேதான் வருகின்றன. இவை தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய சூடான சுவரில் ஒட்டும் நீராவிக் குமிழிகள் சீக்கிரம் கழன்றுபோக அது உதவும். ஆனால் அந்தப் பலன் தெரிவது தண்ணீரே பெரும்பங்காக இருக்கும்போதுதான். பாதி கிளைக்கால் இருக்கும் கலவையில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். நான் இவற்றை வாங்குவது டிகிரிக்காக அல்ல, உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பானுக்காக.

தண்ணீரின் மெய்யான பலவீனம் கொதிநிலை. ஒரு பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்டால் அது ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை 129 வரை தாங்கும். இந்தக் கணக்கெல்லாம் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான். இருபது வருட மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தால் எந்தக் கூலன்டும் காப்பாற்றாது. அப்புறம், உறைபனி விழும் ஊரில் வண்டியைக் குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பவர் தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பிளாக்கைப் பிளக்க அது போதும்.

விதி தடுக்கவில்லை, வண்டி சாலையிலும் ஓடுகிறது என்றால் கிளைக்கால்தான். எந்த வகை என்பதில்தான் குழப்பம், அதற்குப் பாதிக் காரணம் நிறம். நிறம் வெறும் சாயம். அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. லேபிளில் வேதியியலைப் பாருங்கள்.

பழைய பச்சை வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்றவை இருக்கும். இவை உலோகத்தின் மேல் வேகமாக ஒரு காப்புப் படலம் போடும். செம்பு, பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றவைப்பும் உள்ள காருக்கு இதுதான் பழக்கப்பட்ட துணை. குறை என்னவென்றால் தடுப்பான் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் அதிகம் காணப்படும் ஓ.ஏ.டி. (OAT, கரிம அமிலத் தொழில்நுட்பம்) வகை கரிம அமிலங்களை நம்பியது, ஐந்து வருடம் போலத் தாங்கும். ஆனால் ஈயப் பற்றவைப்பை அது அவ்வளவாகக் கவனிக்காது. அலுமினிய ரேடியேட்டர் போட்ட, கேஸ்கெட் எல்லாம் புதிதாக்கிய காருக்கு அது பொருந்தும். எழுபதுகளின் காருக்கு நான் ஊற்றமாட்டேன். இரண்டுக்கும் நடுவே கரிம அமிலத்தோடு கொஞ்சம் சிலிக்கேட் சேர்ந்த கலப்பு வகை உண்டு. எண்பது, தொண்ணூறுகளின் ஐரோப்பிய கார்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கலாம்.

"டிராக்குக்குத்தானே, பத்து சதவீதம் கிளைக்கால் போதும்" என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. தடுப்பான்கள் கிளைக்காலோடு சேர்ந்தேதான் வருகின்றன. அதை அவ்வளவு நீர்த்தால் தடுப்பானும் நீர்த்துப் போகும். கிளைக்காலைக் குறைப்பதென்றால் தடுப்பானைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தண்ணீரே இல்லாத கூலன்ட், எவான்ஸ் போன்றவை, காகிதத்தில் அழகாக இருக்கும். 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், நீராவி அழுத்தம் ஏறாது, துருவுக்கும் வாய்ப்புக் குறைவு. மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் பழைய காருக்கு நல்லதுதான். டிராக்கில் எனக்கு ஒப்பவில்லை. அதன் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடும். தண்ணீர் என்றால் பொங்கி நம்மை எச்சரிக்கும். இது சத்தமே போடாது, ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும். நடுவில் ஹோஸ் கசிந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது. கிளைக்கால் என்பதால் டிராக் தடையும் இதற்குப் பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் பழையதோடு கலக்காதீர்கள்; சிலிக்கேட் வகையும் ஓ.ஏ.டி.யும் சேர்ந்தால் கூழாகி ரேடியேட்டர் குழாய்களை அடைக்கலாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். நிரப்பும்போது முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வண்டி நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதையும் அதே கலவையால் நிரப்புங்கள்.