கல்லூரிப் பாலியல் வன்கொடுமைக் கதை: விசாரணைக் குழுவா, காவல் நிலையமா?

பெங்களூருக் கல்லூரியைக் களமாக வைத்துத் தொடர் எழுதுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மாணவியின் புகார் எந்தக் கதவைத் தட்டப்போகிறது என்பதை.

காவல் நிலையக் கதையில் வேகம் அதிகம், பிழையும் அதிகம். "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதியலாம். புகாரைப் பெண் அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும். அல்சூரில் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவியிடம் கன்னடத்தில் எழுதிய தாளை நீட்டும் காட்சியை அவசரமாகக் கடக்காதீர்கள். புரியாமல் கையெழுத்துப் போட்டால், நீதிமன்றத்தில் அது முரண்பாடாக வந்து நிற்கும். மருத்துவப் பரிசோதனைக்கு அவர் சம்மதம் வேண்டும். பெண்ணுக்குப் பாலுறவுப் பழக்கம் உண்டா என்று விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனையைச் செய்கிறவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை வழக்கமான நடைமுறையாகக் காட்டவே கூடாது. மாணவி குளித்துவிட்டார், தடயம் போய்விட்டது என்பதால் வழக்கு செத்துவிடுவதாகக் காட்டுவதும் பெரிய தீங்கு. பார்க்கும் பெண்கள் அதை நம்பிப் புகாரையே கைவிடக்கூடும்.

கல்லூரியின் விசாரணைக் குழுவின் கதை மெதுவானது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிகளின்படி 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார், 90 நாளுக்குள் விசாரணை. தலைமை ஏற்பவர் மூத்த பெண் ஆசிரியர்; மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் மாணவர் பிரதிநிதிகள் மூவரும் உண்டு. இந்தக் குழு யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. இடைநீக்கம், வெளியேற்றம் போன்றவற்றைப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். விசாரணை நடக்கும் மூன்று மாதமும் புகார் கொடுத்தவரும் புகாருக்கு உள்ளானவரும் ஒரே வளாகத்தில் நடமாட நேரலாம். நெடுந்தொடருக்கு நாங்கள் இதையே தேர்வோம்.

இரண்டு புகார்களையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.