மூலக்கூறு மாடல் கிட்: மீத்தேனுக்கு அருமை, உப்புக்குச் சரிப்படவில்லை

வேதிப்பிணைப்புப் பாடம் மகளுக்கு மண்டையில் ஏறவே இல்லை என்பதால், பந்தும் குச்சியுமாக வருகிற மூலக்கூறு மாடல் கிட் ஒன்றை வாங்கினேன். இரண்டு வாரமாக இருவரும் சேர்ந்துதான் கோத்துக்கொண்டிருக்கிறோம். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பைப் புரியவைக்க இவ்வளவு நல்ல சாமானை நான் பார்த்ததில்லை. ஆனால் ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுக்க, இன்னொன்று வாங்கிக்கொள்ளும் அயனிப் பிணைப்பு என்று வந்ததும் அதே குச்சி தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கிறது.

கார்பனுக்குக் கருப்புப் பந்து, அதில் நான்கு துளை. நான்கிலும் குச்சி செருகி ஹைட்ரஜனுக்கான வெள்ளைப் பந்துகளை மாட்டினால் மீத்தேன், 109.5 டிகிரிக் கோணம் தானாகவே அமைந்துவிடுகிறது. இங்கே ஒரு குச்சி என்பது, இரண்டு அணுக்கள் ஆளுக்கு ஒன்று போட்டுப் பொதுவில் வைத்துக்கொண்ட ஒரு ஜோடி எலக்ட்ரான். அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் 1916-இல் சொன்னதை அப்படியே கையில் பிடித்துப் பார்க்கலாம். இரண்டு கார்பனை ஒரே குச்சியால் இணைத்த ஈத்தேனைக் கோத்துத் திருகினால் சுழல்கிறது, இரட்டைப் பிணைப்புள்ள ஈத்தீனுக்கு வளைகிற குச்சி இரண்டு போட்டதும் திருக முடியவில்லை. இரட்டைப் பிணைப்பு ஏன் சுழலாது என்று நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீருக்கான ஆக்சிஜன் பந்திலும் 109.5-க்கே துளை போட்டிருக்கிறார்கள், உண்மையில் 104.5. இது சின்னக் குறைதான், விட்டுவிடலாம்.

அப்புறம் உப்புக்கு வந்தோம். ஊதாப் பந்து சோடியம், பச்சைப் பந்து குளோரின், மொத்தம் 27 பந்து, 54 குச்சி. முழுக்கனசதுரத்தையும் பொறுமையாகக் கோத்து முடித்த மகள், நட்டநடுவில் இருக்கிற ஊதாப் பந்தைத் தொட்டுக் கேட்டாள்: "சோடியம் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தானே கொடுக்கும், அப்புறம் எப்படிப்பா ஆறு குச்சி?"

சரியான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கையேட்டில் 'குச்சி என்பது பிணைப்பு' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. உப்பில் பொதுவில் வைத்த ஜோடி என்று எதுவும் கிடையாது. சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்து நேர்மின் அயனியாகிவிட்டது (அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு), குளோரின் அதை வாங்கி குளோரைடு என்ற எதிர்மின் அயனியாகிவிட்டது, அதன் பிறகு நடப்பதெல்லாம் வெறும் மின் ஈர்ப்பு. அந்த ஈர்ப்புக்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கமும் இழுக்கும். சுற்றி இடம் இருக்கிற அளவுக்கு ஆறு குளோரைடு வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஆறில் எது 'தன்னுடைய' குளோரின் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. அதனால்தான் உப்பில் மூலக்கூறு என்று ஒன்று கிடையாது என்கிறோம். பந்துகளும் ஒரே அளவு, அதுவும் தப்பு: சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர், குளோரைடுக்கு 181.

இதனால் இன்னொரு முக்கியமான விஷயத்தையும் இந்தக் கிட்டில் காட்ட முடியவில்லை. உப்புக்கல்லைத் தட்டினால் ஏன் உடைகிறது? ஓர் அடுக்கு ஓர் அயனி அளவு நகர்ந்தால் போதும், பச்சைக்கு நேரே பச்சை, ஊதாவுக்கு நேரே ஊதா வந்து ஒன்றையொன்று தள்ளிவிடும். குச்சி மாட்டிய அடுக்கை எங்கே நகர்த்துவது? கடைசியில் குச்சிகளை உருவிவிட்டுப் பந்துகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையை விரலால் தள்ளிக் காட்டினேன். உடனே புரிந்தது.

கையேட்டில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) இரு அணுக்களுக்கிடையே 1.7-க்கு மேல் வித்தியாசப்பட்டால் அயனிப் பிணைப்பு, குறைந்தால் சகப்பிணைப்பு என்று கோடு கிழித்துவிட்டார்கள். ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது மூலக்கூறுதான், கொதிநிலை 20 டிகிரிகூட இல்லை. சகப்பிணைப்புப் பொருள்களுக்கு உருகுநிலை குறைவு என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருப்பதும் அரைகுறை. பனிக்கட்டி உருகும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடிதான் தளர்கிறது, மூலக்கூறுக்கு உள்ளே இருக்கிற பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை. உப்பில் அப்படித் தனியாகப் பிரிந்துபோக மூலக்கூறு இல்லாததால்தான் 801 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. வைரமோ முழுக்க முழுக்கச் சகப்பிணைப்பு, அது உப்பையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். இதே கருப்புப் பந்துகளை வைத்து அதையும் கோக்கலாம், ஆனால் கையேட்டில் அதற்குப் படம்கூட இல்லை.

கரிம வேதியியல் படிக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். உப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம், பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறக் களிமண் உருண்டைகளை ஒட்டி அடுக்கினாலே போதும்.