கெலேடே முகமூடி: செய்தவருக்கு நல்ல புள்ளி, விற்றவருக்கு இல்லை

நைஜீரியாவில் செதுக்கிய, கெலேடே என்ற சடங்காட்டத்துக்கான முகமூடி ஒன்றை இணையக் கடையில் 24,000 ரூபாய்க்கு வாங்கி முள்ளியவளைக்குத் தருவித்தேன். தச்சன் என்பதால் முதலில் கவிழ்த்து உட்புறத்தைத்தான் பார்த்தேன். வாய்ச்சி கொத்திய தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரே மரத்தில் குடைந்தது, எங்கும் ஒட்டில்லை. முதிரைக்குப் பழகிய கைக்கு இந்த மரம் முள்முருக்கைப் போல இலேசாகத் தெரிகிறது. தலையில் வைத்து ஆட அதுதான் தோது.

தலையில்தான்! விற்பனைக் குறிப்போ 'சுவர் அலங்காரம்' என்கிறது. பின்னால் கொளுக்கி வேறு அறைந்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் இதை உச்சந்தலையில் கவிழ்த்து அணிவார்கள். ஆடுபவரின் முகத்தைத் துணி மறைக்கும். அதனூடாகவே அவர் பார்ப்பார். விளிம்புத் துளைகள் அந்தத் துணியைக் கட்டத்தான்.

நைஜீரியா, பெனின், டோகோ நாடுகளில் அறுவடைக்குப் பிறகும், வரட்சியோ கொள்ளைநோயோ வந்தாலும் கெலேடே நடக்கும். ஆதித்தாய் இயா ன்லாவையும் மூத்த பெண்களின் ஆற்றலையும் போற்றிக் குளிர்விக்கும் சடங்கு. இரவில் எஃபே எனப்படும் முகமூடிப் பாடகர் ஊர்க் குறைகளை நையாண்டி செய்வார்; ஆட்டம் மறுநாள் பிற்பகலில். 2001இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் அரிய மரபாக அறிவித்தது. தாய்மாரைப் போற்றினாலும் ஆடுவோர் ஆண்களே. மார்பும் இடுப்பும் வைத்துக் கட்டி, பெண்களிடம் இரவல் வாங்கிய துணிகளை உடுத்துவார்கள். கோவலன் கூத்தில் மச்சாளின் சேலையை இரவல் கேட்டுக் கண்ணகி வேடம் கட்டியவன் நான். அந்த வேலை எனக்குப் புரியும்.

வேலைப்பாட்டில், கீழே உள்ள பெண் முகம் அருமை: தாழ்ந்த இமைகள், கன்னத்தில் மூன்று கீறல்கள், பதற்றமே இல்லாத வாய். மேலே பிள்ளையை முதுகில் கட்டிய சந்தைக்காரியின் விரல்களில் மட்டும் அவசரம் தெரிகிறது.

குறைகள் இரண்டு. மரம் முழுதாக உலரவில்லை. சோளகக் காற்றுக்கு நெற்றியில் வெடிப்பு விழுந்தது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். அடுத்தது, 'பழமையானது' என்று காட்டப் பூசிய கபில நிறப் பொலிஷ் ஈரத்துணியில் ஒட்டி வருகிறது. கெலேடேக்குப் பளிச்சென்ற நிறங்கள்தான் வழக்கம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதே கடையில் எபா என்ற இன்னொரு வகை யொரூபா முகமூடியும் இருக்கிறது; நைஜீரியாவின் எக்கிட்டிப் பகுதியினுடையது. உச்சியில் பிள்ளைகளோடு ஒரு தாய். ஆனால் எபா வகை 20 கிலோவையும் தாண்டக்கூடியது. தபால் செலவை விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன்.