பைபோலாருக்கு எங்கே காட்டுவது: சனலா, பெரியாஸ்பத்திரியா, அங்கொடையா?

பைபோலார் என்பது மனம் சில காலம் அளவுமீறி எழும்பி, சில காலம் சோர்ந்து விழும் நோய். அது உள்ளவர் முதன்முதலில் டொக்டரிடம் போவது பெரும்பாலும் சோர்ந்து விழுந்து கிடக்கும் காலத்தில்தான். உற்சாகம் கரைபுரண்ட நாட்களில் தனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்காது. வீட்டாரும் "இப்பதான் ஆள் தெளிவா இருக்கிறார்" என்று ஆறுதல்பட்டிருப்பார்கள். ஆகவே டொக்டரின் காதுக்குப் போவது பாதிக் கதை. அதைக் கேட்டு மனச்சோர்வு என்று எழுதி, சோர்வுக்கான குளிசையை மட்டும் கொடுத்தால், சிலரை அது நேரே மேனியா என்ற அளவுமீறிய எழுச்சிக்குள் தள்ளிவிடும். கொழும்பில் எங்கே காட்டலாம் என்று கேட்பவர்கள் கட்டணத்தையும் வரிசையையும்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். எங்கள் பார்வையில் முக்கியமானவை வேறு இரண்டு: மற்றப் பாதிக் கதையையும் கேட்டுப் பதிந்துவைக்கும் இடம் எது, வருடக்கணக்கில் கைவிடாமல் தொடரக்கூடிய இடம் எது.

அந்த மற்றப் பாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, பசியும் தூக்கமும் மாறிப்போவது ஆகியவை சாதாரண மனச்சோர்விலும் பைபோலாரிலும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் அதற்கு முந்திய மாதங்களிலோ வருடங்களிலோ கிடக்கிறது. குறைந்தது ஒரு வாரம் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைக்கும் எழுச்சி மேனியா. நாலு நாளாவது நீடித்து, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு ஆளை மாற்றியும், வாழ்க்கையைக் குலைக்காத மெல்லிய எழுச்சி ஹைப்போமேனியா. இந்த இரண்டாவதுதான் அதிகம் தவறிப்போகிறது.

தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். மனக்கவலையில் தூக்கம் வராதவர் காலையில் களைத்துப்போயிருப்பார். மேனியாவில் இருப்பவர் மூன்று மணித்தியாலம் படுத்தெழுந்து, குளித்து உடுத்து, புது வியாபாரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், களைப்பே இராது. இரவு இரண்டு மணிக்குக் கனடாவிலுள்ள சொந்தங்களுக்கு வொய்ஸ் மெசேஜ் மேல் மெசேஜ் போகும். அங்கே பட்டப்பகல் என்பதால் அவர்களுக்கும் சந்தேகம் வராது. நகை அடகுக் கடைக்குப் போகும், புறக்கோட்டையில் தேவைக்குப் பத்து மடங்கு சரக்குக்கு ஓடர் கொடுபடும். பேச்சை இடைமறிக்க முடியாது. மேனியா என்றால் சந்தோஷம் என்று நினைக்கவும் வேண்டாம். பலருக்கு அது எரிச்சலாக, தடுத்தவர் மேல் பாயும் கோபமாக வரும். 25 வயதுக்கு முன்பே சோர்வு தொடங்கியிருந்தால், பிள்ளை பிறந்த கையோடு வந்திருந்தால், நெருங்கிய சொந்தத்தில் பைபோலார் இருந்தால், சோர்வுக் குளிசை தொடங்கியதும் தூக்கமில்லாமல் துருதுருத்திருந்தால், அவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்தத் திகதியில் என்ன நடந்தது, எத்தனை மணித்தியாலத் தூக்கம், எவ்வளவு காசு போனது என்று ஒரு தாளில் எழுதி, பழைய மருந்துச் சிட்டைகளோடு கொண்டுபோக வேண்டும். அந்த நாட்களில் கூட இருந்தவரும் உள்ளே வரவேண்டும்.

இனி இடங்கள். சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நிபுணரைப் பார்ப்பதில் டொக்டரை நாமே தெரிவுசெய்யலாம், வேலை முடிந்து பின்னேரம் போகலாம், தெரிந்தவர் கண்ணில் படும் வாய்ப்பும் குறைவு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் தமிழில் கதைக்கும் டொக்டரைத் தேடுபவர்களுக்கு இது பெரிய வசதி. குறை, ஒரு பின்னேரத்தில் பலரைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஆளுக்குக் கிடைக்கும் நேரம் சிறிது. டொக்டர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம், மருந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒவ்வொரு முறையும் கைக்காசு. முதல் ஆறு மாதம் சமாளிக்கிற குடும்பம் மூன்றாம் வருடத்தில் தவணையைத் தள்ளிப்போடத் தொடங்கும். வருத்தம் திரும்புவது அங்கேதான். இன்னொன்று, ஒருவர் சரிவரவில்லை என்று அடுத்தவரைச் சனல் பண்ணும் பழக்கம். பதிவு முழுக்க நோயாளியின் பையில் கிடக்கும் துண்டுகளாகவே இருந்துவிடும். எந்த மருந்து எந்த அளவில் வேலைசெய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

அடுத்தது பெரியாஸ்பத்திரி. கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகம ஆகிய அரச ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகள் மருத்துவ பீடங்களோடு இணைந்தவை. டொக்டரும் மருந்தும் இலவசம், கிளினிக் கொப்பியில் வரிசையாகப் பதிவிருக்கும். தைரொயிட்டோ சிறுநீரகமோ பிசகினால், நோயாளி கர்ப்பமானால், மற்றப் பிரிவுகளோடு பேசுவது இங்கே சுலபம். பைபோலாருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் காலை முழுவதும் காத்திருக்க வேண்டும். நாட்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். டொக்டர்மார் மாறுவார்கள். புதிதாக வந்தவர் அவசரத்தில் "அதே மருந்து" என்று எழுதி அனுப்பிவிடலாம் என்பதால், முந்திய தவணைக்குப் பிறகு மாறியதை மூன்று வரியில் எழுதி நீட்டுங்கள். உரையாடல் சிங்களத்தில் நடந்தால் பெரியவர் ஒருவரை அழைத்துப் போகவேண்டும். தாயின் தற்கொலை எண்ணத்தைப் பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. மருந்து தட்டுப்பாடானால் வெளியில் வாங்கச் சிட்டை தருவார்கள். 2022 பொருளாதார நெருக்கடியை நினைவில் வைத்து, கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே விசாரியுங்கள்.

அங்கொடை என்ற பெயருக்கே எங்கள் சனம் பயப்படுகிறது. கலியாணப் பேச்சுக் குழம்பும், ஊர் கதைக்கும் என்ற பயம் உண்மையானது. அதைச் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்துக்குப் போனால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்பது சரியல்ல. வெளிநோயாளர் கிளினிக்கும் அங்கே நடக்கிறது. தூக்கமில்லாமல் நாட்கணக்கில் ஓடி, குரல் கேட்கிறது என்றோ தனக்குத் தெய்வசக்தி வந்துவிட்டது என்றோ சொல்லி, மருந்தை மறுக்கிற நிலையில் அந்த இடமோ மனநல வார்ட் உள்ள பெரியாஸ்பத்திரியோதான் பொருத்தம். சனலுக்கு வியாழக்கிழமை வரை காத்திருக்கிற விஷயம் அல்ல அது. பூசையும் நேர்த்தியும் நடக்கட்டும், கவுன்சிலிங்கும் உதவும். குளிசைக்குப் பதிலாக மட்டும் அவற்றை வைக்க வேண்டாம்.

எங்கள் தெரிவு: வசதி இருந்தால் முதல் சந்திப்பைச் சனல் பண்ணி, கதையை முழுக்கச் சொல்லுங்கள். தனியாரில் பார்க்கும் மனநல நிபுணர்கள் பலர் பகலில் அரச ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறார்கள். "உங்கள் கிளினிக்கில் பதிய ஒரு கடிதம் தாருங்கள்" என்று கூச்சப்படாமல் கேட்கலாம். வசதி இல்லாவிட்டால் நேரே பெரியாஸ்பத்திரி ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு). தரத்தில் அது இரண்டாம்பட்சம் அல்ல.

தொடர்ச்சியை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் மருந்துதான். மனநிலையைச் சமப்படுத்தும் மருந்துகளில் லித்தியமும் வால்புரோயேட்டும் நீண்டகாலப் போட்டியாளர்கள். வருத்தம் திரும்புவதைத் தடுப்பதில் லித்தியம் முன்னணியில் நிற்கிறது. தற்கொலையைக் குறைப்பதில் அதற்கு உள்ள சான்று மற்ற மருந்துகளுக்கு இல்லை. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. தொடர் சிகிச்சையில் இரத்தத்தில் லீட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருப்பது வழக்கமான இலக்கு, 1.5 தாண்டினால் ஆபத்து. கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலைக் குளிசையும் இருந்தால் அதை இரத்தம் கொடுத்த பிறகே விழுங்கவேண்டும். இரத்தம் உறையாதிருக்க லித்தியம் ஹெப்பரின் கலந்த குழாயில் எடுத்தால் அளவு பொய்யாக உயரும். எண் திடீரென எகிறி, ஆள் நலமாக இருந்தால், குழாயையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுத் திரும்ப எடுப்பிக்கலாம். தொடக்கத்திலும் அளவு மாற்றும்போதும் ஒரு வாரத்தில், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), தைரொயிட், கல்சியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

லித்தியத்தின் அளவு பிசகுவது பல நேரம் வேறு மருந்தால். முழங்கால் வலிக்குப் பார்மசியில் கேட்டு வாங்கிய டைக்குளோஃபெனாக் அல்லது ஐபுபுரோஃபென், பிரஷருக்கு வேறொரு கிளினிக்கில் எழுதிய லொசார்டன், எனலப்ரில், தயசைட் வகை நீர்க்குளிசை என்று இவை எல்லாம் லித்தியத்தை உடலில் தேக்கும். வயிற்றோட்டம், வாந்தி, கடும் வியர்வை, உப்பைத் திடீரென நிறுத்துவது, தண்ணீரில்லா நோன்பு ஆகியவையும் அப்படித்தான். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோன்பு பிடிக்க விரும்புபவர் முன்கூட்டியே டொக்டருடன் பேசட்டும்.

வால்புரோயேட் மேனியாவை வேகமாக அடக்கும், இரத்த அளவுத் தொல்லையும் குறைவு. எடை ஏறலாம், முடி கொட்டலாம், ஈரல் பாதிக்கப்படலாம், பிளேட்லெட் குறையலாம். டெங்கிலும் பிளேட்லெட் குறையும் என்பதால், டெங்குக் காலத்தில் காய்ச்சலோடு போனால் இந்த மருந்து எடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதைத் தவிர்க்க வேண்டும்: கர்ப்பத்தில் எடுத்தால் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறை வருகிறது, பத்தில் மூன்று நாலு பேருக்கு வளர்ச்சிச் சிக்கல். ஏற்கெனவே எடுப்பவர் தானாக நிறுத்தாமல் உடனே டொக்டரிடம் மாற்றுமருந்து கேட்கட்டும். எங்கள் கருத்தில் கிளினிக் தவறாதவருக்கு லித்தியமே முதல் தெரிவு. தவணை அடிக்கடி தவறும் ஒருவருக்கு அது ஆபத்தான மருந்து. வேறு மருந்துகளில் குவெட்டியபினும் ஒலன்சபினும் உதவும், ஆனால் சீனி வருத்தம் குடும்பத்தில் இருந்தால் எடையும் சீனியும் பார்த்துக்கொண்டே போகவேண்டும். லமோட்ரிஜின் சோர்வுப் பக்கத்துக்கு நல்லது. தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்ட வேண்டும்.

குணமாகிவிட்டது என்று லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் மேனியா திரும்பும் வாய்ப்புக் கூடும். நிறுத்துவதென்றால் டொக்டர் சொல்படி குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உயிர் மாய்க்கும் பேச்சு எழுந்தால் ஆளைத் தனியே விடாமல் 1926க்கு எடுங்கள்; அது தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணித்தியால இலக்கம். அம்புலன்ஸ் தேவையென்றால் 1990. லித்தியம் கூடுதலாக விழுங்கினால் உயிராபத்து என்பதால், சோர்வுக் காலத்தில் மாத மருந்து முழுவதையும் அவர் கையில் கொடுக்காமல் வீட்டில் ஒருவர் பூட்டிவைத்து, ஒரு வாரத்துக்கானதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்.