இலைக்குப் பக்கத்தில் வைத்தாலே காசு

தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் பட்டு எடுக்க அம்மா, மாமா, தங்கச்சி, நான் என்று நாலு பேர் சென்னைக்குப் போய் வந்தோம். சேலைக் கடையில் யாரும் ஏமாற்றவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போன வேன்காரரும் பேசிய காசுக்கு மேல் ஒரு சதம் வாங்கவில்லை. நாங்கள் ஏமாந்தது ஒரு பகல் சாப்பாட்டில். இன்னும் கொஞ்ச நாளில் சபரிமலை, பழனி, வேளாங்கண்ணி, ஆஸ்பத்திரி என்று நம்ம பக்கத்துச் சனம் நிறையப் போகும். அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்தவர்கள் வெளியே வரும்போது ரெண்டரை. அம்மாவுக்குச் சீனி வருத்தம், பசி தாங்க மாட்டார். மறித்த ஆட்டோவில் ஏறி ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் சாரதி கண்டுபிடித்துவிட்டார். “சிலோனா சார்? லண்டன்ல இருந்து வர்றீங்களா?” என்றார். நாங்கள் லண்டனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம் என்று மாமா சொன்னதை அவர் நம்பவில்லை. “நல்ல மீன் சாப்பாடு, வீட்டுச் சமையல் மாதிரி இருக்கும்” என்று அவராகவே ஒரு மெஸ்ஸுக்கு, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்தான் கேட்டார். நியாயமான மனுசன் என்று அம்மா சொன்னார். நாங்கள் கை கழுவிவிட்டு வரும்போது அந்த நியாயமான மனுசன் கல்லாவில் நின்று எதையோ வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதே எழும்பியிருக்க வேண்டும்.

வாசல் பலகையில் ‘மீல்ஸ் 240’ என்று மட்டும் இருந்தது. உள்ளே விலைப்பட்டியல் இல்லை, மேசையிலும் அட்டை இல்லை. வாழை இலை போட்டார்கள், சோறு, பொரியல், கூட்டு எல்லாம் வந்தது. நாலு வகைக் குழம்பு வாளியில் வந்தது. நல்ல ருசி, அதை மறைக்கக் கூடாது. அப்புறம் ஒரு பையன் பெரிய தட்டு நிறையக் கிண்ணங்களோடு வந்தான். இறால் தொக்கு, சுறாப்புட்டு, நண்டு மசாலா, மட்டன் சுக்கா, ரெண்டு மீன் வறுவல். வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையாக இலைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில்தான் நம்ம ஊர்ப் பழக்கம் எங்களைக் கவிழ்த்தது. நம்ம பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்ததுமே ரோல்ஸ், பெட்டிஸ், மீன் பணிஸ், வடை என்று சோட்டீஸ் தட்டு தானாக மேசைக்கு வரும். தின்றதை எண்ணிக் காசு, மிச்சம் திரும்பிப் போகும். யாரும் கேட்டு வைப்பதில்லை, வைத்ததற்காக யாரும் காசு கேட்பதும் இல்லை. அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டோம். மீனையும் சுக்காவையும் எடுத்தோம், இறாலையும் சுறாவையும் நண்டையும் தொடவில்லை. நண்டு அம்மாவுக்கு ஆகாது.

பில் என்று வந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 4031 என்று ஒரே ஒரு எண். விபரம் கேட்டபோது கல்லாவில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதித் தந்தார். நாலு மீல்ஸ் 960. வஞ்சிரம் வறுவல் ரெண்டு 960. இறால் 350, சுறாப்புட்டு 290, நண்டு 420, சுக்கா 390. தண்ணீர்ப் போத்தல் மூன்று 120. ஆக 3490. அதற்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேலே ஐந்து வீதம் ஜிஎஸ்டி வரி.

“தம்பி, நண்டுக் கிண்ணத்தில் கைகூட வைக்கவில்லையே” என்றார் அம்மா.

“இலைக்குப் பக்கத்துல வச்சா வச்சதுதாம்மா. இனி யாருக்கு அதைப் போடுறது?”

மாமா ஒரு காலத்தில் மீன் லொறியில் போனவர். வஞ்சிரம் என்று அவர்கள் சொல்வது நம்ம தோரா மீன். இது தோராவே இல்லை, பாரை என்று அவர் ஒரு பக்கம் சண்டை. அதற்குள் பின்னால் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டிவிட்டு வந்தோம்.

இந்திய ரூபாய் ஒன்றுக்கு எங்களுக்கு இலங்கைக் காசு மூன்றரை ரூபாய் போனது. அப்படிப் பார்த்தால் பதினாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். 2024 இல் தேயிலைத் தோட்டத்துக்கு நிர்ணயித்த நாட்கூலி 1350 ரூபாய். பத்து நாள் கொழுந்து எடுத்தாலும் அந்த பில்லுக்குப் போதாது. அம்மா முப்பது வருசம் மலை ஏறியவர், ஆட்டோவில் வரும்போது அந்தக் கணக்கை வாய்விட்டே போட்டுக்கொண்டு வந்தார்.

ராத்திரி திருவல்லிக்கேணியில் நாங்கள் தங்கிய லாட்ஜின் மேனேஜர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்ன சில விசயங்கள் போகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கொழும்பிலும் நுவரெலியாவிலும் கொஞ்சம் பெரிய கடை என்றால் பத்து வீதம் சேவைக் கட்டணம் போடுவது வழக்கம், அதனால் எங்களுக்கு அது உறுத்தவே இல்லை. இந்தியாவில் அப்படி இல்லையாம். 2022 ஜூலையில் அங்கே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் ஏற்றக் கூடாது என்று விதி போட்டது. ஹோட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதி சரிதான் என்றுவிட்டது. விரும்பினால் கொடுக்கலாம். “அதை எடுத்துட்டுப் போடுங்க” என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. கேட்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். கடையில் அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னாலே பாதி வேலை முடியும் என்றார் மேனேஜர்.

அடுத்தது ஜிஎஸ்டி. சாதாரண சாப்பாட்டுக் கடைக்கு ஐந்து வீதம் சரிதான். ஆனால் அந்த வரியை வாங்குகிற கடை தன்னுடைய பதிவு எண்ணை பில்லில் போட வேண்டும். பதினைந்து இடம் கொண்ட எண் அது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 இல் தொடங்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினாலு இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் இருந்து விதி. எங்கள் துண்டுச் சீட்டில் ரெண்டுமே இல்லை. ஆக அவர்கள் வரி என்று வாங்கிய 192 ரூபாய் அரசாங்கத்துக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

தண்ணீர்ப் போத்தலில் இருபது ரூபாய் என்று அச்சடித்திருந்தது, நாற்பது வாங்கினார்கள். அதில் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் அச்சடித்த விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 இல் அங்கே உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். வெளியே பெட்டிக் கடையில் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.

மெஸ் எல்லாமே திருட்டுக் கடை என்று நான் சொல்ல வரவில்லை. அசைவ மெஸ்ஸில் சோறும் குழம்பும் மீல்ஸ் காசுக்குள் வரும், மீன் குழம்பு, கறிக் குழம்பு எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள், துண்டுக்குத்தான் தனிக் காசு. ஒழுங்கான கடையில் தட்டைக் காட்டி எது வேணும் என்று கேட்டு, நாம் கை காட்டியதை மட்டும் வைப்பார்கள். கேட்காமல் கிண்ணம் வந்தால் கீழே வைக்க விடாதீர்கள், வைத்துவிட்டால் அந்த நிமிசமே எடுக்கச் சொல்லுங்கள். மீனுக்கு ‘சைஸைப் பொறுத்து’ என்பார்கள். எவ்வளவு என்று கேட்டு ஒரு எண்ணைச் சொல்ல வைத்த பிறகே தலையாட்டுங்கள்.

மற்ற நாட்களில் நாங்கள் நன்றாகவே சாப்பிட்டோம். திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948 இல் இருந்து இருக்கிற கடை. இட்லி மிதக்க மிதக்கச் சாம்பார் ஊற்றுகிறார்கள், அம்மா மூன்று காலையும் அங்கேதான் போக வேண்டும் என்றார். தியாகராய நகருக்குள்ளேயே முருகன் இட்லிக் கடை, சரவண பவன் இரண்டும் இருக்கின்றன, விலை கொஞ்சம் கூட என்றாலும் அட்டையில் இருப்பதுதான் பில்லில் வரும். அவசரம் என்றால் முதலில் காசு கட்டி டோக்கன் வாங்கும் கடைகள் நல்லது, காசைக் கட்டிய பிறகு கிண்ணம் வந்து உட்கார முடியாதே. காசு ரொம்பக் கட்டை என்றால் மாநகராட்சி நடத்தும் மலிவு விலை ‘அம்மா உணவகம்’. 2013 இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கியது.

ஒரு சாயந்திரம் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். கொத்து ரொட்டிக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிட்டது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பப் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறிய தன் பெரியப்பா குடும்பத்தை நினைத்துக்கொண்டு மாமா ரெண்டாவது தட்டு வாங்கினார். அவர்கள் இங்கிருந்து என்ன சாப்பாட்டைக் கொண்டுபோனார்களோ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் ஹட்டன் டவுனில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தோம். வழக்கம் போலச் சோட்டீஸ் தட்டு வந்தது. அம்மா அதை அப்படியே தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார்.

அந்த மெஸ்ஸின் பெயரை இங்கே போடவில்லை. கூட்டத்தோடு போகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று சொல்கிறேன். துண்டுச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.