மகாராஜ நகரில் குடியிருந்து பார்த்ததில்

பாளையங்கோட்டையில் வீடு தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். நான் உழவர் சந்தையிலிருந்து ஆரம்பிப்பேன். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் மகாராஜ நகருக்குக் குடிவந்தோம், இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். நடுவில் இரண்டு முறை வீடு மாறினோம். இரண்டு முறையும் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தைத் தாண்டிப் பார்க்கவே இல்லை.

விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கிவிடும். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் கடை போட முடியும். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவதால் பேரத்துக்கு வேலையில்லை. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. எழுபதைத் தாண்டிய என் மாமியார் பலகையை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எட்டு மணிக்கு மேல் போனால் கீரை வாடியிருக்கும், நல்ல கத்தரிக்காயும் போயிருக்கும். ஆறரைக்குள் போய்விடுவது நல்லது.

மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்கு வரும். செம்மண் அப்பிய கிழங்கைக் குவித்து வைத்துக்கொண்டு ஓர் ஆச்சி உட்கார்ந்திருப்பார். "காய விட்டிராத மக்கா, காஞ்சா தோலு உரியாது. ஊறப்போட்டு சாக்குல கட்டி அடி" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் கிழங்கு வாங்கிய மாதிரியே இருக்காது. பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் கூட்டம் தாங்காது, வயசானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

மற்ற வசதிகளுக்கும் குறையில்லை. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராத்திரி மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆட்டோவில் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். சின்னவன் அண்ணா விளையாட்டரங்கத்தில் நீச்சல் பழகினான். மாவட்ட மைய நூலகமும் பாளையிலேயே இருப்பதால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களுக்கு அது மாசத்துக்கு ஒரு நல்ல தொகை மிச்சம். திருச்செந்தூர் ரயில் பாதையில் மேம்பாலம் வந்த பிறகு தியாகராஜ நகர் பக்கம் போக கேட்டில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

என் பெரிய வருத்தம் நடைபாதைதான். எல்லாமே நடக்கிற தூரத்தில் இருக்கிற ஒரு பகுதியில் நடப்பதற்கு இடமில்லை. சாக்கடை மூடி உடைந்த இடத்தில் யாரோ ஒரு வேப்பங்கொப்பை நட்டு வைத்தார்கள். அது காய்ந்து சருகான பிறகும் மூடி வரவில்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவைச் சரியாக மூடாததால் மாமியார் இப்போது கைத்தடியோடுகூட தனியாகச் சந்தைக்குப் போவதில்லை. காய்கறி வாங்குவதோடு நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதுதான் அவருடைய காலைப்பொழுது. அது போய்விட்டது. மனு கொடுத்தோம், வந்து அளந்து போனார்கள். இதை நான் விடப்போவதில்லை. பூங்காவிலும் பாதி விளக்கு எரியாததால் ஏழு மணிக்கு மேல் பெண்கள் யாரும் அங்கே நிற்பதில்லை.

தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குக் கொடுப்பினை உண்டு. குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர், அதில் சமைத்த சோற்றுக்கும் போர் தண்ணீரில் சமைத்த சோற்றுக்கும் வித்தியாசம் வாயில் வைத்ததுமே தெரியும். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறையெல்லாம் மூழ்கியபோது, மேட்டில் இருக்கிறோம் என்ற எங்கள் தைரியமும் ஆட்டம் கண்டது. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும், ஆற்றில் இருக்கும் நீரேற்று நிலையங்கள் பாதிக்கப்பட்டதால் குழாய் வறண்டுபோனது. கரண்ட் வந்ததும் எதிர்வீட்டு அண்ணாச்சி தன் போரில் மோட்டாரைப் போட்டு, தெரு முழுக்கக் குடம் வைக்கச் சொன்னார். அன்றைக்கு யாரும் யாரிடமும் காசு பேசவில்லை.

அதனால் இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் சித்திரை, வைகாசியில் வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வந்து, தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் எத்தனை அடி என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வந்து, வாசலிலிருந்து சந்தை வரைக்கும் ஒருதடவை நடத்திப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.