இடுப்பில் ஓசோன், கையில் ரிட்டர்ன் டிக்கெட்

ஜனவரியில் டொராண்டோ வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது இடுப்பில் 'மளுக்'கென்றது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வாரத்தில் வலி இடது பின்தொடை வழியாக இறங்கி, கால் கட்டைவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது. குடும்ப டாக்டர் மாத்திரை எழுதினார், பிசியோதெரபிக்கு அனுப்பினார், எம்ஆர்ஐக்கும் எழுதிப் போட்டார். பிசியோ என் கைக்காசு. எம்ஆர்ஐக்குத் தேதி கிடைத்தது ஐந்து மாதம் தள்ளி.

மார்ச்சில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ள நாலு வாரம் லீவு போட்டு சென்னை கிளம்பினேன். பார்த்துக்கொண்டது யார் யாரை என்பது வேறு கதை. கறுப்புக் கண்ணாடி போட்டபடி அம்மா எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "என் கண்ணே அரை நாள்ல முடிஞ்சுது, உன் இடுப்புக்கு என்னடி இவ்வளவு நாள்?" என்றாள். பிறக்கும்போது கால் முன்னால் வந்தவர்கள் உதைத்தால் சுளுக்கு விடும் என்று பக்கத்துத் தெருவில் ஒருவரை விசாரித்தும் வைத்திருந்தாள். தப்பித்தேன்.

அண்ணன் காலை பதினோரு மணிக்கு ஒரு ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டார். மாலை நாலு மணிக்கு நான் மெஷினுக்குள். ராத்திரி ஒன்பதுக்கு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில். 6,500 ரூபாய். ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்ன ஊரிலிருந்து வந்தவளுக்கு இது கிட்டத்தட்ட மாயாஜாலம். எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) இடது பக்கம் பிதுங்கியிருக்கிறது, அதற்குக் கீழே உள்ள எல்5-எஸ்1 டிஸ்க்கில் லேசான வீக்கம் என்று போட்டிருந்தது.

அந்த வேகத்தில் மயங்கித்தான் மறுநாளே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன், ஃபைல், பிபி எல்லாம் சடசடவென்று முடிந்தன. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் காலைத் தொடவில்லை. "ஆபரேஷன் வேணாம், டிஸ்க்குக்குள்ள ஊசியால ஓசோன் வாயு போட்டுடலாம். ரெண்டு லெவலும் சேர்த்தே போட்டுடலாம்." நாலு நிமிஷம் இருக்கும். வெளியே வந்தால் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையோடு ஒரு பெண் தயாராக நின்றார். பேக்கேஜ் 92,000 ரூபாய், இன்றைக்கே பதிந்தால் பத்து சதவீதம் குறைப்பு, நாளைக் காலையில் ஸ்லாட் இருக்கிறது. கனடா என்று தெரிந்ததும் என் ஃபைல் வேறு கவுன்டருக்குப் போய்விட்டது. இரண்டாவது டிஸ்க்குக்கு எதற்கு என்று கேட்டேன். "பிரிவென்ஷன், மேடம்" என்றார். துணிக்கடையில் ஒரு புடவை எடுத்தால் இன்னொன்று கூடவே வருமே, அந்த ஞாபகம் வந்தது. அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். ஐம்பது வயதிலும் இந்த ஒரு சாக்கு எடுபடுகிறது.

அண்ணனின் ஆபீஸ் நண்பர் அண்ணா நகரில் ஒரு பெயின் கிளினிக்கைச் சொன்னார். ஆட்டோவில் போகக் கூடாது என்று முதல் நாளே பாடம் படித்திருந்தேன். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தடுப்புகள், மாற்றுப்பாதை, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் காலுக்குள் மின்னல். அதனால் அசோக் நகரிலிருந்து அண்ணா நகர் டவர் வரைக்கும் மெட்ரோ. ரயில் மாறவே வேண்டாம், குலுங்கவும் இல்லை. இடுப்பு வலிக்காரர்களுக்கு இந்த ஊர் செய்திருக்கும் மிகப்பெரிய உபகாரம் அதுதான் என்பேன்.

ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாமல் நின்றே காத்திருந்தேன். உள்ளே போனதும் அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ரிட்டர்ன் டிக்கெட் எப்போ?" இன்னும் இருபத்திரண்டு நாள் என்றேன். பத்து நாளுக்குள் என்றால் ஊசியே போட்டிருக்க மாட்டேன் என்றார். செருப்பைக் கழற்றிக் குதிகாலால் நடக்கச் சொன்னார். கட்டைவிரலைத் தன் விரலால் அமுக்கி, எதிர்த்துத் தூக்கச் சொன்னார். படுக்கவைத்துக் காலை நீட்டியபடி உயர்த்தினார், பாதிகூடத் தூக்கவில்லை, கத்தினேன். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இதில் எது இருந்தாலும், பாதம் தொங்கிப்போனாலும், ஊசியைப் பற்றிப் பேசவே கூடாது, உடனே சர்ஜனிடம் போக வேண்டும் என்றார். இதெல்லாம் முடிந்தபிறகுதான் எம்ஆர்ஐ உறையைத் திறந்தார்.

காகிதத்தில் வட்டம் போட்டு, "இது நுங்குன்னு வைங்க" என்றார். வெளியே கெட்டியான வளையம், நடுவில் தண்ணீர் நிறைந்த வழுவழுப்பு. வளையம் பலவீனமான இடத்தில் நுங்கு பிதுங்கி நரம்பை நெருக்குகிறது, அந்த இடமும் அழற்சியில் சிவந்துபோகிறது. ஓசோன் உள்ளே போனதும், தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் புரதத்தைச் சிதைக்கும். நுங்கு கொஞ்சம் வற்றும். கொஞ்சம் வற்றினாலே அழுத்தம் நன்றாக இறங்கும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். எனக்கு அது பத்தாவது வாரம், வலி அசைந்துகொடுக்கவில்லை, பலம் குறையவில்லை, அதனால் யோசிக்கலாம் என்றார். எல்5-எஸ்1? "ஐம்பது வயசுல வலியே இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணினாலும் பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் இருக்கும். அதைத் தொட வேணாம்."

அன்றிரவு தூக்கமில்லாமல் படித்தேன். இந்தச் சிகிச்சை 1980களில் இத்தாலியில் தொடங்கியது. ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் வந்த கட்டுரை ஒன்று, ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கணக்கெடுத்து, வலி குறைவதில் இது ஆபரேஷனுக்கு ஈடாக இருக்கிறது, சிக்கல்கள் மிகக் குறைவு என்றது. 2022ல் ஆபரேஷனோடு நேருக்கு நேர் ஒப்பிட்டதில், ஓசோன் ஊசி போட்டவர்களில் 71 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலேயே சமாளித்திருக்கிறார்கள். ஆனால் அதில் இருந்ததே ஐம்பது பேருக்குள்தான். இன்னொரு பக்கம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் விதியில் ஓசோன் நச்சு வாயு, அதற்குத் தெரிந்த மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று அப்பட்டமாக இருக்கிறது. இரண்டையும் மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. "ரெண்டுமே உண்மை. மூச்சில போனா நச்சுதான். அதனாலதான் மெஷின்ல மிச்ச வாயுவை அழிக்கிற ஃபில்டர் இருக்கு" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

தைராய்டு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, காய்ச்சல் என்று விசாரித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். வெறும் வயிறு, நோய்த்தொற்று வராமலிருக்க டிரிப்பில் ஆன்டிபயாடிக். வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மேலே சி-ஆர்ம் எக்ஸ்ரே. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்றது, அதன்பிறகு தள்ளுவது மட்டும் தெரிந்தது. "கால்ல கரண்ட் அடிச்சா உடனே சொல்லுங்கம்மா" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். திரையில் ஊசி முனை டிஸ்கின் நடுவில் ஒரு கோடாக நின்றது. ஓசோன் சிறிது நேரத்தில் மறுபடி ஆக்ஸிஜனாகிவிடும் என்பதால் முன்கூட்டிச் செய்துவைக்க முடியாது. ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து அந்த நேரத்தில் மெஷின் தயாரித்ததை சிரிஞ்சில் இழுத்த கையோடு உள்ளே செலுத்தினார். அப்போது ஒரு வாசனை, லேசாக, ஒரே கணம். எங்கேயோ பழகிய வாசனை. மாம்பலத்தில் கல்லூரி நோட்ஸ் பிரதி எடுக்க நின்ற ஜெராக்ஸ் கடை! அந்த மெஷினும் ஓசோன்தான் கக்கும். இந்த வாயுவுக்கு 1840ல் பெயர் வைத்தவரும் வாசனையை வைத்துத்தான், 'மணப்பது' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்தாராம். இடுப்புக்குள் ஒரு பாரம் அழுத்தியது, அவ்வளவுதான். கடைசியில் நரம்பு வேரருகே கொஞ்சம் ஸ்டீராய்டும் போட்டார்கள். மொத்தம் இருபத்தைந்து நிமிஷம்.

பில் 41,000 ரூபாய். என் கனடா கார்டை மெஷின் மூன்று முறை துப்பியது, அண்ணன் ஜிபேயில் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் பொறுமை போனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி: ஓசோன் சிகிச்சை செய்யப்பட்டது, நோயாளி நலம். இதைக் கொண்டுபோய்க் கனடா டாக்டரிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? எந்த டிஸ்க், எந்தப் பக்கம், எவ்வளவு, என்ன ஸ்டீராய்டு, எல்லாம் வேண்டும் என்றேன். "எல்லாருக்கும் இப்படித்தாங்க குடுப்போம்" என்றார் டைப் செய்பவர். டாக்டர் அடுத்த கேஸில் இருந்தார். ஊசி போட்டதற்கு இருபத்தைந்து நிமிஷம், காகிதத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். கடைசியில் டாக்டரே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: எல்4-எல்5 இடது, ஒரு மில்லிக்கு 30 மைக்ரோகிராம், 5 மில்லி, ஸ்டீராய்டின் பெயர், அளவு. எக்ஸ்ரே படப் பிரதியும் கேட்டு வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இதை ஊசிக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியபின் கேட்டால் என் கதிதான்.

மூன்றாம் நாள் வலி முன்பைவிட அதிகமானது. வரும் என்று சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. காய்ச்சலோடு முதுகுவலி ஏறினால் மட்டும் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், டிஸ்க்கில் சீழ் பிடிக்க வாய்ப்பு அபூர்வமாக உண்டாம். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் கால்வலி பாதியானது. மூன்றாம் வாரம் மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு சுற்று நடந்தேன். கட்டைவிரல் மரத்துப்போனது மட்டும் இன்னும் இருக்கிறது. குறைத்தது ஓசோனா, ஸ்டீராய்டா, பன்னிரண்டு வாரம் ஓடியதா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கனம் தூக்கக் கூடாது என்பது உத்தரவு. அம்மா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வத்தல், ஊறுகாய், பருப்புப்பொடி என்று இரண்டு பெட்டியையும் 23 கிலோவுக்குச் சரியாக நிரப்பினாள். மீனம்பாக்கத்தில் அண்ணன் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார். டொராண்டோவில் பெட்டிகள் பெல்ட்டில் மூன்று சுற்று வந்துபோயின. இடுப்பில் பெல்ட்டோடு நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாவது சுற்றில், போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்த ஒரு பையனை "தம்பி, கொஞ்சம்..." என்று கூப்பிட்டேன்.

"என்னக்கா, கல்லா வச்சிருக்கீங்க?" என்றான்.